வெள்ளத்தாயின் நிழலுக்கு மண்டபம் கட்டிய கதை

பனைமுட்டத்து உப்பளத்தில் வெள்ளத்தாய் செத்துப்போன அன்றைக்கு அவள் உடம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவள் செருப்பை எடுத்துக்கொண்டு போனார்கள், அவள் பேசிக்கொண்டிருந்த மெகாபோனைக்கூட ஒருவன் பத்திரமாகத் தோளில் மாட்டிக்கொண்டு போனான், ஆனால் நிழலை எடுத்துப்போக வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்கு வரப்பின்மேல் விழுந்தபடி அங்கேயே இருந்துவிட்டது. மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிய சனம் பார்த்தது. ஆள் இல்லை, நிழல் இருக்கிறது. கொண்டை தெரிகிறது, இடுப்பில் சொருகிய முந்தானை தெரிகிறது, பேச்சுக்குப் பேச்சு உயர்த்துவாளே வலது கை, அதுவும் உயர்ந்தபடியே தெரிகிறது. “அம்மா இன்னும் பேசி முடிக்கல போல” என்று சொல்லிவிட்டு உப்பு வாரப் போனார்கள்.

வெள்ளத்தாய் லேசுப்பட்ட மனுசி இல்லை. அவளுக்கு முந்தி இந்த மாநிலத்து அளங்களில் குடிதண்ணீர் என்று ஒன்று கிடையாது, காலுக்கு ரப்பர் செருப்பு கிடையாது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கிடையாது, மழை மாசத்தில் அடுப்பு எரிய வழி கிடையாது. அவளுக்குப் பிந்தி இதெல்லாம் உண்டு. முப்பது வருசம் வரப்பு வரப்பாக ஏறி நின்று பேசி, நாலு தடவை ஜெயிலுக்குப் போய், சட்டசபையிலேயே அவள் பெயரைச் சொல்லிச் சண்டை போடும்படி வைத்து, ஒன்றொன்றாகப் பிடுங்கி வாங்கினாள். கடைசியாகக் கேட்டது ஒரு கொட்டகை. பச்சைப் பிள்ளைக்காரிகளும் சூலிகளும் உட்கார்ந்து சாப்பிட நாலு கம்பு நட்டு ஒரு கூரை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதுதான், சித்திரை மாசத்து உச்சி வெயிலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். கொட்டகை வரவே இல்லை.

வந்தது நிழல். உச்சி வெயிலில் ஊரில் எல்லார் நிழலும் அவரவர் காலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும், வெள்ளத்தாயின் நிழல் அப்போதுதான் விரியும், இருக்கும்போதே சொன்னபடி கேட்காதவள் செத்த பிறகா கேட்கப் போகிறாள். மணி பன்னிரண்டைத் தாண்டினால் பன்னிரண்டு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து தூக்குச்சட்டி திறக்கிற அளவுக்கு அது அகலும், உள்ளே போனால் பானைத்தண்ணீர் குளிர்ச்சி. முதலில் ஒரு கைப்பிள்ளைக்காரி பயந்து பயந்து ஓரத்தில் குந்தினாள். பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கியது. மறுநாள் மூன்று பேர். ஒரு வாரத்தில் வரிசை வைக்க வேண்டியதாகிவிட்டது: முதலில் பால் கொடுக்கிறவர்கள், அப்புறம் சூலிகள், அப்புறம் காய்ச்சல்காரர்கள், மிச்சம் இடமிருந்தால் வயசானவர்கள்.

ஊர் அதைத் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. டவுன்பஸ் கண்டக்டர் “நிழல் ஸ்டாப்பெல்லாம் எறங்கு” என்றான். அந்த வருசம் பிறந்த பெண்பிள்ளைகளில் பதினோரு பேருக்கு வெள்ளத்தாய் என்று பெயர். உயர்ந்த கை எந்தச் சங்கத்துக் கை என்று இரண்டு சங்கங்களும் ஆறு மாசம் அடித்துக்கொண்டு, கடைசியில் நிழலுக்குள் கொடி கொண்டுவரக் கூடாது, கட்சி பேசக் கூடாது, மீன்குழம்பு மட்டும் தாராளமாகக் கொண்டுவரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டன. அளத்து முதலாளிக்குத்தான் வயிற்றெரிச்சல், நிழல் விழுகிற பாத்தியில் உப்பு விளையவில்லை. வரப்பை வெட்டிப் பார்த்தான், புது வரப்பிலும் விழுந்தது. ஒருநாள் மூன்று பாத்தி தாண்டி ஒரு சூலி தலைசுற்றி விழப்போனபோது நிழல் விருட்டென்று நகர்ந்துபோய் அவள் தலைக்குமேல் நின்றதை முதலாளியே பார்த்தான். அதற்கப்புறம் மண்வெட்டியைத் தூக்கவில்லை.

இத்தனை பேர் உட்கார்ந்தார்களே, அந்த நிழலில் பன்னிரண்டு வருசமாக ஒரு காலைக்கூட வைக்காதவள் ஒருத்தி உண்டு. ராஜகனி. வெள்ளத்தாய் பெற்ற ஒரே மகள்.

அவளும் அதே அளத்தில்தான் உப்பு வாரினாள், ஜெபமணியோடு ஜோடி. ஜெபமணி அவளைவிட ஐந்து வயசு மூத்தவள், ஒரே தெரு, ஒரே பாத்தி. மத்தியானமானால் ஜெபமணி நிழலுக்குப் போவாள், ராஜகனி அங்கேயே வெயிலில் குத்துக்காலிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள்.

“ஏட்டி கனி, வந்து உக்காரேன்டி. ஒன்ன பெத்தவ நிழலு. நாங்க உக்காருதோம், ஒனக்கு என்ன கேடு?”

“நான் ஏன் போவணும்? வேணும்னா அது வரட்டும்.”

“செத்தவகிட்டப் போயி வீம்பு புடிக்கியே, வெளங்குமா?”

“உசிரோட இருக்கும்போதும் நான்தான்க்கா பின்னால ஓடுனேன். இப்பவும் நானேவா?”

ஓடத்தான் செய்தாள், பாவம். ஏழு வயசில் ஊர்வலத்துக்குள் புகுந்து “எம்மா, எம்மா” என்று கத்தினால் வெள்ளத்தாய் திரும்ப மாட்டாள், ஊரே அவளை அம்மா என்றுதானே கூப்பிட்டது, எந்த அம்மாவுக்கென்று திரும்புவாள். அம்மை போட்டுக் கிடந்தபோது தாய் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தாள், வேப்பிலை அடித்தது ஜெபமணியின் தாய். விடுதலையாகி வந்தவளை மாலையோடு சங்க ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தவள் மகளின் முகத்தில் தழும்பைப் பார்த்துவிட்டு “இது எப்பட்டி வந்துச்சு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி ராஜகனியின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. கல்யாணம் ஆனாள், பிள்ளை தங்கவில்லை, கட்டியவனும் போய்ச் சேர்ந்தான், முள் மட்டும் போகவில்லை. வெள்ளத்தாய் சாகும்போது மகள் பத்தடி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அப்போதும் கூட்டம்தான் முந்திக்கொண்டு தாங்கியது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தாய் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு அவளைத் தேடி வர வேண்டும். சோர்ந்தவர்களைத் தேடித்தான் நிழல் போகிறது என்று தெரிந்ததும் ஒரு வைகாசியில் தண்ணீர் குடிக்காமல், காலையில் கஞ்சி குடிக்காமல் மூன்று நாள் வேலை செய்து பார்த்தாள், மயக்கம் வரட்டும் என்று. வரவில்லை. இரும்பு உடம்பு, அதுவும் தாய் கொடுத்ததுதான். மூன்றாம் நாள் பாத்திக்குள் நின்று அழுதாள், அளத்துக்காரி கண்ணில் தண்ணீர் வந்தால் உப்பு பட்டுவிட்டது என்றுதானே நினைப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வருசம் சர்க்காரிலிருந்து வந்தார்கள். மாநிலத்தை உருவாக்கிய பெருமக்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கிறார்களாம், அதில் வெள்ளத்தாயின் பெயரும் இருக்கிறதாம், மற்ற பெருமக்களுக்கெல்லாம் சிலை வைத்து மணிமண்டபம் கட்ட வேண்டியிருக்கிறது, இங்கே நிழலே இருப்பதால் சிலைச் செலவு மிச்சமாம். நிழல் விழும் இடத்தை நாடா பிடித்து அளந்தார்கள். அந்தப் பாத்தியை முதலாளி வாயெல்லாம் பல்லாக எழுதிக்கொடுத்தான். படித்த பையன் ஒருத்தன், கண்ணாடி போட்டவன், பெயர் இளம்பரிதி, மகளிடம் கேட்டு நிரப்ப ஒரு அச்சுப் பாரத்தோடு வந்து ராஜகனியின் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அம்மையாரைப் பத்தி உங்களால மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி சொல்லுங்கம்மா.”

ராஜகனி கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

“ஒருநா சாப்டியான்னு கேட்டுது.”

“ம்.”

“இல்லன்னேன். சரின்னுட்டுப் போயிட்டுது. கூட்டத்துக்கு நேரமாயிட்டு.”

பையன் பேனாவை மூடிவிட்டு, நல்ல பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வாரிசுச் சம்மதக் கடிதத்தையும் மண்டபத்தின் படத்தையும் எடுத்து வைத்தான். எட்டுத் தூண், கருங்கல் தளம், மேலே கூம்பாகக் கும்மாச்சி வைத்த கான்கிரீட் கூரை.

ராஜகனி படத்தைப் பார்த்தாள். கூரையில் விரலை வைத்தாள்.

“இது முழுசா மூடிருமா தம்பி?”

“முழுசா மூடிரும்மா. ஒரு பொட்டு வெயில் உள்ள விழாது.”

அவளுக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. வெயில் விழாத இடத்தில் நிழல் எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். இஞ்சினியருக்குத் தெரியவில்லை, கலெக்டருக்குத் தெரியவில்லை, இரண்டு சங்கத்துக்கும் தெரியவில்லை. நம் சனத்துக்கு ஒருத்தர்மேல் மரியாதை மிஞ்சிப்போனால் உடனே ஒரு கூரை போட்டாக வேண்டும், கூரைக்குள் என்ன இருக்கிறது என்று அப்புறம் யார் பார்த்தார்கள். கொட்டகை கேட்டுச் செத்தவளுக்குக் கோபுரமே கிடைக்கிறது என்று பெண்கள் கும்மியடிக்காத குறைதான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஜெபமணியின் மருமகள் செல்வராணி ஏழு மாசச் சூலி, நிழலில்தான் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நாற்காலியிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. ராஜகனி அவளையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள். இங்கே இருக்க இடமில்லாமல் போனால் தாய் எங்கே போவாள்? போக்கிடம் அற்றுப்போனால் பெற்றவளுக்கு மகள் வீட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அப்படித்தான் அந்த மனசு கணக்குப் போட்டது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

தூண்கள் ஏறின. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று ஜெபமணியின் வீட்டுப் படிவரைக்கும் போவாள், ஜெபமணி சிரித்துக்கொண்டே “வாட்டி, ஒங்கம்மைக்கு ஒரு கூரை கெடச்சிட்டு பாத்தியா” என்பாள், இவள் பேச்சை மாற்றி மோர் மிளகாய் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவாள்.

மண்டபக் கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கிற நாள் ராஜகனி வேலைக்குப் போகவில்லை. சங்கத்துக் காலனியில் கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு அவளுடையது, வெள்ளத்தாய் போராடி எல்லாருக்கும் வாங்கிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. விடிந்ததும் வாசல் தெளித்தாள். வீட்டைக் கழுவினாள். நெத்திலிக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்தாள், கத்தரிக்காய் வதக்கினாள், இரண்டு இலை அறுத்துவந்து துடைத்து வைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு நல்ல சேலை கட்டினாள். பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். வருகிறவள் உள்ளே வரட்டும், நான் எட்டிப் பார்க்க மாட்டேன், பார்த்துப் பார்த்துக் கண் பூத்த காலமெல்லாம் போதும் என்று வைராக்கியமாக அடுப்பையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அளத்தில் பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பலகையை அடித்தார்கள். நிழலுக்குள் சாப்பிட உட்கார்ந்திருந்த பெண்கள் முதலில் இருட்டாகிறது என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் பார்த்தார்கள், நிழல் தூண்களுக்கு நடுவிலிருந்து தன் ஓரத்தைச் சேலைத் தலைப்பை உருவுகிறமாதிரி உருவிக்கொண்டு வெளியே வெயிலில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. இனி எந்த வரப்பில் நிற்கும் என்று எல்லாரும் தூக்குச்சட்டியோடு எழுந்தார்கள். அது எந்த வரப்பிலும் நிற்கவில்லை. உயர்ந்தே இருந்த அந்த வலது கையை, பன்னிரண்டு வருசத்தில் முதல்முறையாகக் கீழே இறக்கிக்கொண்டு, உப்புக் குவியலெல்லாம் தாண்டி, ரோட்டைத் தாண்டி, காலனிப் பக்கமாக நடந்தது.

“எம்மா, எங்க போறீய?” என்று செல்வராணி கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். ஜெபமணிதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடுட்டி. மக வீட்டுக்குப் போறா. பன்னெண்டு வருசமா நாம வச்சிருந்தோம், ஒரு மத்தியானம் அவ வச்சிருக்கட்டும்.”

சரிதானே என்று எல்லாருக்கும் பட்டது. தாயும் மகளும் பேசும்போது ஒருத்தரும் அந்தத் தெருப்பக்கம் போகக் கூடாது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். ஜெபமணி மட்டும் மனசு கேட்காமல் தெருமுனை வேப்பமரம்வரைக்கும் போய் நின்றாள். அந்த நல்ல மனசுக்காரிகளில் ஒருத்தியாவது புத்தி கெட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம், ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நிழல் ராஜகனியின் வாசலுக்கு வந்தது. தெளித்த வாசலில், கதவுக்கு நேரே நின்றது. கூரைக்குக் கீழே அதனால் வர முடியாது, வந்தால் அது இல்லை. கூப்பிட அதற்கு வாயும் இல்லை, முப்பது வருசம் ஊருக்கெல்லாம் பேசிய வாய் உடம்போடு சுடுகாட்டுக்குப் போய்விட்டது. அப்படியே நின்றது. தெருக்கோழிகள் குளிர்ச்சிக்கு வந்து அதற்குள் ஒண்டின. உள்ளே ராஜகனிக்கு முதுகில் சில்லென்று என்னமோ பட்டது. வந்துவிட்டாள் என்று உடம்பெல்லாம் தெரிந்தது. திரும்பவில்லை. ‘வா, உள்ளே வா, வந்து இந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு இன்னொரு தடவ கேளு, சொல்லுதேன்’ என்று நெஞ்சுக்குள் கத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழம்பு ஆடை கட்டியது.

ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. வெயில் மேற்கே சாயச் சாய, கிழக்குப் பார்த்த வீட்டின் சொந்த நிழல் படியிறங்கி வாசலில் நீள ஆரம்பித்தது. வெள்ளத்தாயின் நிழல் ஓர் எட்டுப் பின்னால் வைத்தால் போதும், தெருவில் வேண்டுமட்டும் வெயில் கிடக்கிறது. அது நகரவில்லை. வீட்டு நிழல் அதன் காலைத் தொட்டது, இடுப்புக்கு ஏறியது, கொண்டைவரைக்கும் வந்து மூடியது.

நாலு மணிக்கு ஜெபமணி வந்தாள்.

“ஏட்டி கனி, என்ன பேசுனா? வாசல்லயே நிப்பாட்டி வச்சுட்டியே, வெளிய ஒரு பாய் போட்டு ஒக்கார வச்சிருக்கக் கூடாதா?”

ராஜகனி திரும்பினாள். “வாசல்லயா?”

“இவ்வளவு நேரம் ஒன் வாசல்லதான நின்னா. நீ பாக்கலையா?”

விழுந்தடித்து வெளியே வந்தாள். வாசல் முழுக்க ஒரே நிழல். அதில் எது ஓட்டுக்கூரையின் நிழல், எது பெற்றவளின் நிழல் என்று எப்படிப் பிரிப்பது? குனிந்து தரையைத் தடவினாள். பிறகு என்ன நினைத்தாளோ, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாசல் திண்டில் ஏறி, அங்கிருந்து மதிலில் ஏறி, கூரையை எட்டிப் பிடித்து ஓடுகளைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஓடாகப் போய்த் தெருவில் விழுந்து நொறுங்கியது. “வெயில் வரட்டும்க்கா, வெயில் வந்தா தெரிவா, இங்கனதான் நிக்கா, வெயில் வரட்டும்.” கையெல்லாம் கிழிந்து ரத்தம். கூரையின் ஓட்டை வழியாகச் சாய்ந்த வெயில் கட்டம் கட்டமாக வாசலில் விழுந்தது. விழுந்த இடத்திலெல்லாம் மண்ணும் கோழிக்கால் தடமும்தான் இருந்தன.

ஜெபமணி அவள் காலைக் கட்டிக்கொண்டு கீழே இறக்கினாள். மடியில் போட்டுக்கொண்டு “அழாதட்டி, ஒன்னத் தேடி வந்தாளே, அது போதாதா, எங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாளே” என்றாள்.

“எக்கா, கூரை போட்டா அது இருக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.”

ஜெபமணியின் கை அவள் தலையில் அப்படியே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கு எம் மருமவ எங்க ஒக்காந்து சாப்பிடுவா?”

ஜெபமணி சேலையை உதறிக்கொண்டு எழுந்து, உடைந்த ஓடுகளை மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மண்டபத்தைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, வேலிக்குப் பூட்டு வந்தது, திறப்பு விழா முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று காவலுக்கு ஆள் வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் வெயிலில் வரிசையாகக் குத்துக்காலிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டார்கள். செல்வராணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு வரப்பின்மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். ராஜகனி கையில் கட்டோடு நடந்துவந்து, அவளுக்கும் வெயிலுக்கும் நடுவில், முட்டி இடிக்கும் அளவுக்கு ஒட்டி நின்றாள். ஜெபமணி பார்த்தாள். செல்வராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உச்சி வெயிலில் ராஜகனியின் நிழல் எல்லார் நிழலையும்போலக் காலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது. எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும், கையை எவ்வளவு உயர்த்தினாலும், அது விரியவில்லை. செல்வராணியின் தூக்குச்சட்டியை மட்டும்தான் அது மூடியது. சோறு தீர்கிறவரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.